ஒண்ணும் எரியல ஆயா

"ஒண்ணும் எரியலையாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் எரியல ஆயா" என்றேன். நடந்தது இவ்வளவுதான். பொய்யும் இல்லை.

'எரியும்' என்ற சொல்லைக் கொடுத்ததே நான்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பெட் ஸ்கேன் பிரிவில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்தி. கூட வந்த பேத்திக்கு 'வணக்கம்' தாண்டி வராது. ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டுமே, அப்போது சொன்னேன்: "இது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. கேன்சர் அதை இழுத்து வச்சுக்கும். படத்துல விளக்கு மாதிரி எரியும்." எல்லோரிடமும் சொல்வதுதான்.

கல்லீரல் விஷயத்தில் அது பாதி உண்மை. ஆயாவுக்கு முன்பே குடலில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இப்போது கல்லீரலில் ஒரு கட்டி. குடலிலிருந்து பரவியதா, அங்கேயே முளைத்ததா என்பது டாக்டரின் கேள்வி. பரவி வந்தது பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். பித்தநாளப் புற்றும் அப்படித்தான். ஆனால் கல்லீரலின் சொந்தப் புற்றில் ஒரு வகை, செல்கள் இயல்பான கல்லீரல் செல் போலவே இருக்கும். சர்க்கரையோடு ஒட்டி அதை உள்ளே பூட்டி வைக்கும் பாஸ்பேட்டைக் கழற்றி, சர்க்கரையை வெளியே விட்டுவிடும். படத்தில் சுற்றுப்புறத்தோடு கலந்து கிடக்கும். எரியாததே ஒரு துப்பு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். முடிவு சொல்ல எனக்கு அனுமதியில்லை என்பதும் தெரியும். சொல்லவில்லையே, கேட்டதற்குப் பதில்தானே? ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்குக் கொடுத்த நாளில் அவர் வரவில்லை. ஆடி மாதம், கோயிலில் கஞ்சி ஊற்றும் வேலை என்று பேத்தி சொன்னாள். காரும் கிடைக்கவில்லையாம். அந்தக் காரை நான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வாரம் கழித்து எடுத்ததில் கல்லீரலின் சொந்தப் புற்று என்று வந்தது. "இந்த வகைக்கு ஐந்து வாரம் பெரிதில்லை" என்றார் டாக்டர். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

அப்புறம் 'எரியும்' என்று சொல்வதை நிறுத்தினேன். 'பதியும்' என்று மாற்றிப் பார்த்தேன். யாருக்கும் புரியவில்லை. இரண்டே நாளில் மறுபடி 'எரியும்'.

போன மாதம் ஆயா திரும்ப வந்திருந்தார், மெலிந்து. ஸ்கேன் முடிந்ததும், "இன்னைக்கு எரியுதாம்மா?" என்றார்.

"டாக்டர் சொல்வாரு ஆயா."

"நீ சொல்ல மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.