டேபிளுக்கு வருகிற டி

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனுக்கு நாங்கள் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். ஏரி முழுக்க உறைந்து கிடந்தது. அதன்மேல் கூடாரம் போட்டு, பனியில் துளை போட்டு, ஆட்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வற்றினால் தெப்பக்குளத்துக்குள் கிரிக்கெட் ஆடுகிற ஊர்க்காரிக்கு இது பெரிய ஆச்சரியமாகத் தெரியவில்லை. பகல்தான் பிரச்சினை. வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை, எனக்கு எச்-4 விசா. அதை வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போக முடியாது. மதுரையில் பதினோரு வருஷம் ஓவிய டீச்சராக, ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகளின் சத்தத்துக்குள் இருந்தவள் நான். இங்கே காலையில் அவர் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் குக்கர் விசில்தான் பேச்சுத்துணை.

மூன்றாவது வாரம் அவருடைய அட்டையைக் காட்டி எனக்கும் ஒரு நூலக அட்டை வாங்கினோம். அதைச் சொன்னதும் அப்பா போனில் கேட்டார்: "அம்புட்டுப் பெரிய லைப்ரரின்றியே, நம்ம ஊரைப் பத்தி ஏதாச்சும் வச்சிருக்காங்களான்னு பாரு." அப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதினவர். கேட்டால் பதில் வேண்டும், அதுவும் தொகை போட்டு வேண்டும்.

நூலகத் தேடுபெட்டியில் மதுரை என்று இங்கிலீஷில் அடித்தேன். கோயில், நாயக்கர்கள், மிஷனரிகள் என்று வரிசையாக வந்தன. எல்லாம் இங்கிலீஷ் புத்தகங்கள். தமிழிலேயே அடித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டுதான் வந்தது. சரி, தமிழ்ப் புத்தகம் இவ்வளவுதான் போல என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

இது தப்பு என்று தெரியவே ஒரு மாதம் ஆனது. சொன்னது ஒரு வெள்ளைக்கார மாணவர். நான் திணறுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "நீங்க மதுரையா?" என்று தமிழில் கேட்டார். இந்தியவியல் படிக்கிற அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் அமெரிக்க நிறுவனம் மதுரையில்தான் வகுப்பு நடத்துகிறது. இவர் அதில் படித்தவர். "வைகையில தண்ணி ஓடுதா?" என்று அடுத்த கேள்வி. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வெளியே நான் கேட்ட முதல் தமிழ்.

அவர் விளக்கியது இதுதான். அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை, பெரும்பாலும் அதற்கென்று வகுத்த ஒரு முறையில் இங்கிலீஷ் எழுத்துக்கு மாற்றித்தான் பட்டியலில் ஏற்றுகின்றன. நாம் பேசுகிற ஒலியை அந்த முறை பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. 'த' எங்கே வந்தாலும் ஒரே இங்கிலீஷ் எழுத்து. ஆகவே மதுரைக்கு நடுவில் நாம் வழக்கமாகப் போடுகிற எழுத்து அங்கே கிடையாது.

இதை அன்று ராத்திரி அப்பாவுக்கு போனில் புரியவைக்கப் பட்ட பாடு!

"எம், ஏ, டி…"

"அதான் நானும் போட்டேன், டி."

"அந்த டி இல்லப்பா. டாக்டருக்கு வருமே அது இல்ல. டேபிளுக்கு வருகிற டி."

"டேபிளா? அப்ப அது மட்டுரைன்னுல்ல ஆகும்?"

ஆகும்தான். பிறந்த ஊரை மட்டுரை என்று எழுதினால்தான் அங்கே கதவு திறக்கும். ழகரமும் அப்படியே. நாம் இரண்டு எழுத்துச் சேர்த்துப் போடுவோமே, அது செல்லாது. வெறும் எல், அதன் அடியில் ஒரு கோடு. ளகரத்துக்கு எல், அடியில் ஒரு புள்ளி. நெடிலுக்கு எழுத்தின் மேலே ஒரு கோடு. தேடும்போது கோட்டையும் புள்ளியையும் யாரும் அடிப்பதில்லை, பெட்டியும் கேட்பதில்லை. விளைவு: வலி, வழி, வளி, வாலி, வாளி எல்லாம் ஒன்றே. மூட்டு வலிக்கு மருந்து தேடினால் கிஷ்கிந்தைக்கும் போகலாம், கிணற்றடிக்கும் போகலாம்.

சந்தி இன்னொரு வம்பு. மதுரைக்காஞ்சியை ஒரே சொல்லாகத்தான் பதிவார்கள். மதுரை என்று மட்டும் அடித்தால் அது சிக்காது. "மதுரைத் தல வரலாறு" என்று ஒரு தலைப்பு இருந்தால், ஊரோடு ஒட்டிய 'த்'தும் சேர்ந்தே ஏறிவிடும். இதற்கு வழி, சொல்லின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போடுவது. மதுரை என்று தொடங்குகிற எல்லாம் அப்போது வந்து விழும். பத்தாம் வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களை ஒழுங்காகப் படிக்காததன் தண்டனை விஸ்கான்சினில் கிடைத்தது.

எழுத்தைத் திருத்திக்கொண்ட பிறகு பார்த்தால், பி.எல். 4758 என்ற எண்ணில் தமிழ் இலக்கியத்துக்கு அலமாரி அலமாரியாக இடம். நேரே அந்த எண்ணுக்குப் போய் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடித்த தேடல். இங்கே இல்லாத புத்தகத்துக்கு வேர்ல்ட்கேட் இருக்கிறது. உலகத்தில் பல்லாயிரம் நூலகங்களின் பட்டியல் ஒரே இடத்தில். பார்க்கக் காசு இல்லை. நம் ஊரைக் கொடுத்தால், வேண்டிய புத்தகம் எத்தனை மைலில் இருக்கிறது என்றும் சொல்லும். மதுரையில் அச்சடித்த ஒரு சிறு நூலுக்கு, ஏறக்குறைய நூற்றைம்பது மைலில் சிகாகோ என்று காட்டியது. நூலகங்களுக்கிடையே இரவல் கொடுக்கிற ஏற்பாட்டில் விண்ணப்பித்தேன். பத்து நாளில் வந்துவிட்டது. ஒரு காசு கேட்கவில்லை.

அட்டையைத் திறந்தால் உள்ளே பி.எல். 480 என்று முத்திரை. அலமாரி எண் போல என்று நினைத்தேன். இல்லை, இது வேறு பி.எல். 1954-இல் அமெரிக்கா போட்ட சட்டத்தின் எண். அந்தச் சட்டப்படிதான் இந்தியாவுக்குக் கோதுமை வந்தது. அதற்கான விலையை இந்தியா டாலரில் தராமல் ரூபாயில் தந்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962-இலிருந்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்திலும் திருநெல்வேலியிலும் ஐந்நூறு பிரதி அச்சடித்த புத்தகம்கூடச் சிகாகோவில் பத்திரமாக இருப்பது இதனால்தான்.

அப்பாவுக்கு பி.எல். 480 என்ற பேரே போதுமாக இருந்தது. "ரேஷன்ல வாங்கித் தின்னிருக்கோம்ல. ஸ்கூல்ல உப்புமா வேற. அப்ப நான் தின்ன உப்புமாவுக்குத்தான் உனக்கு இப்பப் புஸ்தகம் வருது, கணக்கு நேராயிருச்சு" என்றார்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றியும் இந்தத் தேடலில்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். தொழிலோடு தொழிலாகப் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று ஒரு லட்சம் சேர்த்திருக்கிறார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிதறவிடாமல் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கோட்டையூர். ஓவியம் சொல்லிக்கொடுக்கிற நான் ஒரு நாள்கூட அந்தப் பேரை வகுப்பில் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் அப்பாவுக்கு அனுப்ப முடிந்தது என்றும் சொல்ல முடியாது. 1920-களில் வந்த ஒரு மதுரை நூலின் மின்பிரதிக்குச் சுட்டி அனுப்பினேன். எனக்கு முழுதாகத் திறந்தது அவருக்கு அட்டைகூடத் தெரியவில்லை. காப்புரிமைக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறாம். மதுரையைப் பற்றிய புத்தகத்தை மதுரையில் உட்கார்ந்து படிக்க முடியாது, மேடிசனில் முடியும். அப்பா ரொம்பக் கோபப்பட்டார். பிறகு அவரை அரசின் தமிழ் மின்னூலகத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். அதற்கு அட்டையும் வேண்டாம், டேபிளுக்கு வருகிற டியும் வேண்டாம்.

வீடியோ விஷயத்தில் எனக்கு எதிர்பார்ப்பே இல்லை. ஆனால் இதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1970-களில் மதுரைக்கு வந்து சித்திரைத் திருவிழாவைப் படம் பிடித்திருக்கிறார்கள். நூலகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு அப்போது இருபது வயசு இருக்கும். கூட்டம் வருகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கிடைக்கவில்லை, எப்படிக் கிடைக்கும்? ஆனாலும் மூன்று தடவை பார்த்தேன். வெளியே வந்தபோது மைனஸ் பதினெட்டு டிகிரி. காதில் இன்னும் கொட்டுச் சத்தம் இருந்தது.

கலை நூலகம் வேறொரு கட்டடத்தில். அங்கேதான் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் எடுத்த படங்களைப் பார்த்தேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரைக்கு வந்து, மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தவை. கோயில், மகால், தெப்பக்குளம் எல்லாம் உண்டு. வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும் என்பதால் நடந்து போகிற ஆள் பதிவதில்லை; ஊரே காலி செய்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தளத்தில் இவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எனக்கு வேண்டியது விளக்குத்தூண். தேடுபெட்டியில் விளக்கு, தூண், தெரு, கம்பம் என்று தெரிந்த இங்கிலீஷை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது தானாகக் கண்ணில் பட்டது. பெயர்: பிளாக்பர்ன் நினைவுச்சின்னம். கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, வெளி வீதிகளுக்கு வழி பண்ணிய கலெக்டர் பிளாக்பர்ன். அவர் நினைவாக வைத்த விளக்கு அது. சுற்றிலும் ஜவுளிக்கடையும் இல்லை, ஆட்டோவும் இல்லை. வெட்டவெளியில் ஒற்றையாக நிற்கிறது.

போன மே மாதம் ஊருக்கு வந்தபோது அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். "நான் உக்காந்து கணக்கெழுதின இடம் இந்தா, இங்கன வரும்" என்று படத்தில் வெறும் மண் கிடந்த ஒரு மூலையில் விரல் வைத்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நேர்ல வச்சுப் பாப்போம்" என்று கிளம்பிவிட்டார்.

தெருமுனையில் ஆட்டோக்காரரிடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "தம்பி, பிளாக்பர்ன் விளக்குக்குப் போகணும்" என்றார்.

"அது எங்கிட்டு இருக்குங்கய்யா? புதூர்ப் பக்கமா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விளக்குத்தூண்ப்பா."

"அப்பிடிச் சொல்லுங்க. ஏறுங்க, எம்பது ரூவா."