மண்பாண்டத்துக்குள் ஒரு காணி உறுதி

"கல்லூரி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை" என்று மலர்க்குழுத் தம்பி கேட்டபோது கிரிக்கெட்தான் முதலில் நினைவுக்கு வந்தது. சரி, அதை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எங்களுக்குக் கிறிஸ்தவ பாடம் படிப்பித்த ஆசிரியரை, எங்கள் சேரைப் பற்றி எழுதுகிறேன்.

1994, போர்க்கால யாழ்ப்பாணம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்போம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்போம். அந்தப் பாடத்துக்கு ஏழு பேர்தான். தீர்க்கதரிசனப் பகுதி தொடங்கியதும் ஒருவன் கேட்டான்: "சேர், சண்டை எப்ப முடியும் எண்டு பைபிளில இருக்கோ?"

சேர் சிரிக்கவில்லை. "தீர்க்கதரிசி எண்டால் சாத்திரி இல்லையடா" என்று எரேமியா 28ஐத் திறக்கச் சொன்னார். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர் எல்லாரும் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று சொல்லி, பாபிலோனுக்கு அடங்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று கடிதமும் எழுதுகிறார். எங்கள் வீட்டுக் கலண்டரில் இருந்த 29:11 (நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் வசனம்), அந்த எழுபதுக்கு அடுத்த வசனம் என்பது அன்றுதான் தெரிந்தது. கலண்டர்காரர் பத்தாம் வசனத்தை அச்சடிப்பதில்லை!

"கசப்பையும் ஒளிக்காமல் சொல்லுறவரைத்தான் நம்பலாம்" என்றார் சேர்.

அப்புறம் 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, எரேமியா காவலில். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு காணியை பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சி வைத்து உறுதி (பத்திரம்) முடித்து, அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடி காணி வாங்குவார்கள் என்பது கடவுளின் வாக்கு. "அந்தக் காணியில எரேமியா ஒரு நாளும் கத்தரி நட்டதாக எழுதியிருக்கேல்லை. அவரை எகிப்துக்குக் கொண்டு போயிட்டாங்கள்" என்று சேர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு என்ன பிரயோசனம் என்று நினைத்தேன்.

1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாத சனம். அப்பா எதையும் தூக்கவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த காணியின் உறுதியை மட்டும் சொப்பிங் பாக்கில் சுற்றி சேட்டுக்குள் வைத்திருந்தார். எனக்கு அந்த நெரிசலில் சேரின் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

லண்டனுக்கு வந்தபின் பிரித்தானிய அருங்காட்சியகத்தில், யூதரைத் திரும்ப விட்ட பாரசீக அரசன் கோரேஸின் களிமண் உருளையைப் பார்த்தேன். 1879இல் பாபிலோனில் கிடைத்தது. கோரேஸைத் தெரிந்தெடுத்தது பாபிலோனின் மர்துக் தெய்வம் என்கிறது அது. எருசலேம் என்ற பேச்சே இல்லை. முதலில் ஏமாற்றம்தான். ஆனால் ஏசாயா 45இல் கடவுள் கோரேஸுக்குச் சொல்வதும் அதுதானே: "நீ என்னை அறியாதிருந்தும்." அந்த அதிகாரம் முன்கூட்டியே அல்ல, கோரேஸ் காலத்திலேயே எழுதப்பட்டது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு, அதையும் சேர் ஒளித்ததில்லை. தன்னை அறியாத அரசனைக்கொண்டும் கடவுள் வேலை செய்வார் என்பதை நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நம்பினேன்.

அப்பா இப்போது இல்லை. இராணுவம் காணியை இன்னும் விடவில்லை. உறுதி என் அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. இங்கே நல்ல மண்பாண்டம் கிடைப்பதில்லை.