எதில் மூன்று?

சென்ற தவணையில் பின்னங்களைத் தொடங்கிய இரண்டாம் நாள், "ஐந்தில் மூன்று என்று எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு மேசைகளுக்கிடையே நடந்தேன். கொப்பிகளைப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றிலொரு பங்குப் பிள்ளைகள் ஐந்தை மேலேயும் மூன்றைக் கீழேயும் எழுதியிருந்தார்கள். இதைக் கவனக்குறைவு என்றே பல ஆண்டுகளாக எண்ணிச் சிவப்புப் பேனாவால் சுழித்து வந்திருக்கிறேன். அன்று ஏனோ பேனாவை எடுக்காமல், அப்படி எழுதிய பிள்ளை ஒருத்தியிடம் காரணம் கேட்டேன். "நீங்கதானே டீச்சர் ஐந்த முதல்ல சொன்னீங்க?" என்றாள்.

அவள் சொன்னது சரி. தமிழில் பின்னத்தைச் சொல்லும்போது முழுமை முதலில் வருகிறது. எடுத்த பங்கு பிறகு வருகிறது. நான்கில் ஒன்று, ஐந்தில் மூன்று, பத்தில் ஏழு என்று எதைச் சொன்னாலும், எத்தனையாகப் பிரித்தோம் என்பதைச் சொல்லாமல் எத்தனை எடுத்தோம் என்பதற்குப் போக முடியாது. சிங்களத்திலும் இதே ஒழுங்குதான். எழுதும் முறையோ எடுத்த பங்கைக் காட்டும் தொகுதியை மேலே வைத்து, எத்தனையாகப் பிரித்தோம் என்று காட்டும் பகுதியைக் கீழே தள்ளுகிறது. காதில் விழுந்த வரிசையில் மேலிருந்து கீழாக எழுதும் பிள்ளை ஐந்தின் கீழ் மூன்றைப் போட்டால் அதில் வியப்படைய என்ன இருக்கிறது? மறுநாளிலிருந்து முறையை மாற்றினேன். முதலில் கோடு, பிறகு கோட்டின் கீழே "ஐந்தில்", கடைசியாக மேலே "மூன்று". பேனா வாயைப் பின்பற்றியதும், தலைகீழாக எழுதும் வழக்கம் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விட்டது.

இதைவிட எனக்குப் பயன்பட்டது அந்த "இல்" என்ற உருபு. எதில் மூன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பின்னத்தில் நிகழும் தவறுகளில் பாதி கொப்பிக்கு வருவதற்கு முன்பே பிடிபட்டுவிடும் என்று இப்போது தோன்றுகிறது. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பக்கத்தில், ஆசிரியர் பற்றாக்குறையால் ஐந்தாம் ஆறாம் தரங்கள் இரண்டுக்கும் கணிதம் எடுக்கும் என் போன்றவர்களுக்கு, ஒரே கேள்வியை எல்லா அலகுகளிலும் கேட்க முடிவது பெரிய உதவி.

எண் கோலங்களிலேயே அதைத் தொடங்கலாம். பாடநூல்களில் வரும் தீக்குச்சிச் சதுரங்களை நான் லயன்களாக, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளாக, மாற்றிக்கொண்டேன். என் பிள்ளைகளில் பெரும்பாலானோர் லயக் காம்பராக்களில் வளர்பவர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஒரு காம்பராவுக்கு 4 சுவர், இரண்டுக்கு எத்தனை என்று கேட்டால் உடனே 8 என்பார்கள். குச்சிகளை அடுக்கிப் பார்த்த பிறகு 7 என்று திருத்திக்கொள்வார்கள். மூன்று காம்பராவுக்கு 10, நான்குக்கு 13. "மூன்று மூன்றாகக் கூடுகிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வழிகாட்டி நூல்களின் வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஒரு காம்பராவுக்கு நான்கு சுவர் வேண்டுமென்றால் ஏன் மூன்று மட்டும் கூடுகிறது? இதற்கு வகுப்பில் யாரும் கணித மொழியில் பதில் சொல்லவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும், "பக்கத்து வீட்டுச் சுவருதான் நம்ம சுவரும். அங்க ஆணி அடிச்சா இங்க சட்டி விழும்" என்றான். பொது எல்லையைப் பற்றி அதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது. அதன் பிறகு இருபது காம்பரா லயனுக்கு 61 சுவர் என்பதை, முதல் சுவரைத் தனியாக வைத்துவிட்டு ஒவ்வொரு காம்பராவுக்கும் மூன்று மூன்றாகக் கூட்டிப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயனுக்கு 7, 12, 17 என்று வருவதை வீட்டு வேலையாகக் கொடுத்தேன். அதில் ஏன் ஐந்து கூடுகிறது என்பதை எழுதி வந்தவர்கள் நான்கு பேர்தான் என்றாலும், நால்வரும் நால்வேறு விதமாக எழுதியிருந்தார்கள்.

கணிதச் செய்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இருப்பதாக நான் நம்பவில்லை. வகுத்தலில் வரும் மீதியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 34 பேர் ஹக்கல பூங்காவுக்குச் சுற்றுலா போகிறார்கள், ஒரு வேனில் 12 பேர் போகலாம், எத்தனை வேன் வேண்டும் என்ற கணக்குக்கு "2 வேன், மீதி 10" என்று எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார்கள். மீதிப் பத்துப் பேரில் தானும் ஒருவனாக இருக்கலாம் என்று உணர்ந்த பிறகே மூன்றாவது வேன் வந்தது.

பின்னத்துக்கே திரும்புகிறேன். பகுதி சமமான பின்னங்களைக் கூட்டும்போது மேலும் கீழும் கூட்டிவிடுவது எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் உள்ள நோய். நான்கில் மூன்றும் நான்கில் இரண்டும் சேர்ந்தால் எட்டில் ஐந்து என்பார்கள். இதற்கு மருந்து முக்கால் என்ற சொல்லில் இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால்; அதாவது கால் என்பதை ஒரு பொருளைப் போல எண்ணிச் சொல்கிறோம். அப்படியானால் மூன்று காலும் இரண்டு காலும் சேர்ந்தால் எத்தனை கால் என்று கேட்டேன். "ஐந்து கால்" என்று வகுப்பே சொன்னது. அதில் முழுசாக எத்தனை இருக்கிறது என்று கேட்பதற்குள் ஒருவன், "ஒரு ஆடும் இன்னொரு ஆட்டோட ஒரு காலும் டீச்சர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது ஒன்றேகால் அல்லவா? தொகுதி பகுதியைவிடப் பெரிதான முறைமையில்லாப் பின்னத்தைக் கலப்பெண்ணாக மாற்றும் விதியை நான் அந்த ஆண்டு சொல்லிக்கொடுக்கவே இல்லை. பதினொரு காலுக்கு எத்தனை ஆடு என்று கேட்டால் போதுமாக இருந்தது.

நம் முன்னோர் ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களான கீழ்வாய் எண்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் இந்த எண்ணும் முறை எவ்வளவு பழையது என்று தெரியும். காலில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. மாவை எண்பதில் நான்காக்கி ஒரு காணியைச் சேர்த்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. மாகாணி என்ற பெயருக்குள்ளேயே ஒரு பின்னக் கூட்டல் முடிந்து கிடக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு இருந்தது. 2019இல் அவை கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறியிலும் (Unicode) இடம்பெற்றன. பரீட்சைக்கு உதவாத செய்தி என்பதால் இதை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பகுதி வேறுபடும்போது கால் கணக்கு உதவாது. அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதிய ஆறாம் தரப் பையனிடம், "அரை ரொட்டி தின்ற உனக்கு மேலும் கொஞ்சம் கொடுத்தேன், இப்போது அரையைவிடக் குறைந்துவிட்டதா?" என்று கேட்டேன். தவறு என்பது அவனுக்குப் புரிந்தது. சரி எது என்பது புரியவில்லை. வட்ட ரொட்டியை மூன்றாகச் சமமாக வெட்டுவது எனக்கே வராது. ஆகவே மறுபடியும் லயனைத்தான் கரும்பலகையில் வரைந்தேன். பாதி லயனுக்கும் மூன்றிலொரு பங்கு லயனுக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், எந்தக் காம்பராவையும் குறுக்கே பிரிக்கக் கூடாது; அப்படியானால் எத்தனை காம்பரா உள்ள லயன் வேண்டும்? நான்கு என்றான் ஒருவன்; மூன்றிலொன்று எடுக்க முடியாமல் அழித்தான். ஆறு என்றாள் இன்னொருத்தி. பாதிக்கு மூன்று, மூன்றிலொன்றுக்கு இரண்டு, ஆக ஆறில் ஐந்து. காலுக்கும் மூன்றிலொன்றுக்கும் பன்னிரண்டு காம்பரா என்று அடுத்த கணக்கில் அவர்களே சொன்னார்கள். பொது மடங்குகளுட் சிறியது என்ற நீண்ட பெயரைக் கடைசியில்தான் பலகையில் எழுதினேன். "அதுக்கு இவ்ளோ பெரிய பேரா?" என்ற கேள்வியும் வந்தது.

அரை என்ற சொல்லில் மட்டும் நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. ஒரு முழுமையை இரண்டு சம பங்காக்கினால் ஒரு பங்கு அரை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, தேயிலைக் கொழுந்து எடுக்கும் தாயின் மகள் ஒருத்தி, "அப்ப அரைப்பேரு?" என்று கேட்டாள். பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளக் கணக்கு; ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ குறைந்தால் முழுப்பேர் விழாது, பாதிச் சம்பளமான அரைப்பேர்தான். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று 20 கிலோவும், 2021இல் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா நாட்சம்பளமும் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு கிலோவுக்கு 50 ரூபா. 19 கிலோ எடுத்தால் 950 என்று எல்லோரும் சரியாகப் பெருக்கினார்கள். அரைப்பேருக்கு 500. சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று தராசில் கழிக்கும் கிலோவைச் சேர்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். அதை வேண்டாம் என்றேன், சேர்த்திருந்தால் கணக்கு வேறு எங்கோ போயிருக்கும்.

"அப்ப 450 ரூபா எங்க டீச்சர்?" என்று அந்த மகள் கேட்டாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் கொப்பிகளைத் திருத்தும்போது அவள் பக்கத்தில் "20இல் 19" என்று, பகுதி கீழே தொகுதி மேலே, பிழையில்லாமல் எழுதியிருந்தது. அதற்குக் கீழே "அரை" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். மேலே உள்ளதற்குச் சரி போட்டேன். கீழே உள்ளதற்கு எதுவும் போடாமல் கொப்பியை மூடி வைத்தேன்.