செதுக்கு வேலைப்பாடு கொண்ட பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குவது

கும்பகோணம் முதல் நாகப்பட்டினம் வரை, பழைய மரச்சாமான் விற்கும் கடை எதில் நுழைந்தாலும், செதுக்கு வேலைப்பாடு கொண்ட, கைவைத்த நாற்காலி ஒன்றைக் காட்டி, "இது டச்சுக்காரர் காலத்துச் சாமான்" என்று சொல்லிவிடுகிறார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசம் இருந்ததும், தரங்கம்பாடியில் 1620இல் கால்வைத்த டேனிஷ்காரர்கள் 1845இல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுகளை நாற்காலியின் மேல் ஏற்றிச் சொல்வதற்கு விலையைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை. நான் பார்த்தவற்றில் மிகுதியானவை மிராசுதார் வீட்டுக் கூடங்களுக்காக உள்ளூர் ஆசாரிமார் தேக்கில் செய்து கொடுத்தவை. அவற்றை அப்படியே அறிந்து சேகரிப்பதுதான் முறை என்பது என் கருத்து.

டச்சுக் காலத்து நாற்காலியின் தோற்றமே வேறு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்டவற்றுள் புகழ்பெற்றவை கருங்காலி நாற்காலிகள். தாழ்ந்த முதுகும், முறுக்கிக் கடைந்த தண்டுகளும், பிரம்பு இருக்கையும், சட்டங்கள் முழுவதும் பூக்கொடியும் பறவைகளும் கற்பனை உயிரினங்களுமாக நெருக்கமாகச் செதுக்கிய வேலைப்பாடும் அவற்றின் அடையாளங்கள். இவற்றில் பல இங்கிலாந்து சென்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சியின் பழைய மாளிகையில் இத்தகைய நாற்காலிகள் இருந்ததை வைத்து, இவை அந்த மன்னர் வாழ்ந்த டியூடர் காலத்து ஆங்கிலேய வேலை என்று முடிவு கட்டித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்காகவும் வாங்கிச் சேர்த்தார். அந்த நம்பிக்கை வெகுகாலம் நீடித்தது. நம் கரையில் செய்த பொருளை அவர்கள் தம்முடையது என்றார்கள். இன்று நாம் நம் ஊர் ஆசாரி செய்ததை டச்சுக்காரருடையது என்கிறோம்.

மிராசுதார் வீட்டு நாற்காலியின் அழகு வேறு வகையானது. உடல் ஐரோப்பிய அமைப்பு. மேற்சட்டத்திலோ கஜலட்சுமியோ, கொடிக்கருக்கின் நடுவே எதிரெதிராக நிற்கும் இரண்டு அன்னங்களோ இருக்கும். கைப்பிடியின் முனையில் உள்ள சிம்ம முகத்தைக் கூர்ந்து பாருங்கள்: பிதுங்கிய விழியும் சுருண்ட பிடரியும் கோரைப்பல்லுமாக அது தேர்ச்சிற்பத்து யாளியின் முகமே தவிர ஐரோப்பியச் சிங்கம் அன்று. தேரும் வாகனமும் செய்து பழகிய கை, நாற்காலி செய்யச் சொன்னாலும் அதைத்தான் செய்யும். டச்சு முத்திரையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி, வயதை அறிவது பற்றி. செதுக்கு வேலையை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஏனெனில், வெறும் பழைய நாற்காலியில் புதிதாகப் பூவேலை செய்து விற்பது எளிது. திருவாரூர்ப் பக்கம் விற்பனைக்கு வந்த ஒன்றின் முன்சட்டத்தைக் கைவிளக்கு வைத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு கறுத்திருக்க, செதுக்கிய பள்ளத்தின் அடியில் சாயம் எட்டாத வெளிர்மரம் தெரிந்தது. உண்மையாகப் புழங்கிய நாற்காலியில் கை படும் இடங்களில் மட்டும் கோடுகள் மழுங்கியிருக்கும்; விரல் எட்டாத இடுக்குகளில் உளியின் கூர்மை அப்படியே இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

பிறகு நாற்காலியைக் கவிழ்க்க வேண்டும். இருக்கைச் சட்டத்தின் அடிப்பாகம் பாலிஷ் காணாமல், காற்றுப்பட்டு மங்கிய நிறத்தில் இருக்க வேண்டும். மூட்டுகளில் கழுந்தும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) அதற்கான துளையும் பொருந்தி, மூங்கில் ஆணி அறையப்பட்டிருந்தால் நல்லது. கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி 1930களுக்குப் பிறகே பரவியது. ஆனால் அது பிற்காலத்துப் பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம் என்பதால், ஓர் ஆணியை வைத்து நாற்காலியைத் தள்ளிவிட வேண்டாம். கடைந்த காலை, விட்டம் அளக்கும் காலிப்பரால் இரு திசைகளில் அளந்து பாருங்கள். மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்தது காலப்போக்கில் சிறிது நீள்வட்டமாகிவிடும். இதைப் போலியாகச் செய்வது கடினம். பிரம்பைப் பொறுத்தவரை, சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளையிட்டுக் கையால் பின்னியதா, ஆயத்தப் பின்னலைக் காடியில் வைத்து அழுத்தியதா என்று கவனித்தால் போதும்; முன்னதே பழைய முறை.

காவிரிப் படுகைக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையெல்லாம் ஈரம் ஏறும் வீடுகளில் நின்ற நாற்காலிகளின் கால்முனை கறுத்து உளுத்துப்போவதும், அதை வெட்டி எறிந்துவிட்டுப் பித்தளைப் பூண் போடுவதும் வழக்கம். இருக்கை இயல்புக்கு மீறித் தாழ்ந்திருந்தால் காலை வெட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் வெளிறு (வைரம் பாயாத வெளிப்புற மரம்) கலந்த பகுதி இருந்தால் முதலில் போவது அதுதான். பூச்சி அரித்த துளைகளிலிருந்து புதிய தூள் உதிர்ந்தால், மற்ற மரச்சாமான்கள் இருக்கும் அறைக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பலரும் வாங்கியவுடன் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவிப் பளபளவென்று மெலமைன் பூசுகிறார்கள்; பார்க்கவே பொறுக்கவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் இருந்தால் மென்துணியால் துடைத்து, தேன்மெழுகு தேய்த்தாலே போதும். இருக்கை கிழிந்திருந்தால் சீர்காழி அருகே தைக்காலில் பிரம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய துளைகளிலேயே கையால் பின்னித் தரும்படி கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்று எண்ணி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. அதைவிட இளையது என்றால், தொல்பொருள் அன்று என்னும் சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்புவது நல்லது. "இருநூறு வருடத்துச் சாமான், தாராளமாக அனுப்பலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லும் வியாபாரியிடம், அந்த வயதை ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.