கஞ்சாக் குடிக்கி

எங்கள் பெரியப்பாவுக்குக் கண் சிவந்தவன், முடி வளர்த்தவன், கூப்பிட்டவுடன் திரும்பாதவன் எல்லாருமே கஞ்சாக் குடிக்கிதான். சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக்கு மீதிக் காசைத் தப்பாக எண்ணிக் கொடுத்த பையனுக்கும் இதே பட்டம் கிடைத்தது. பாவம், அவன் தூங்கியிருக்க மாட்டான்.

"புகைக்கிறதுதானே, அப்புறம் ஏன் குடிக்கி?" என்று கேட்டாள் என் மகள். பள்ளிக்கூடத்தில் 'புகைபிடித்தல்' என்று படித்தவள், கேட்கத்தான் செய்வாள். பெரியப்பா காலத்து ஆள்களுக்குச் சுருட்டும் பீடியும் குடிக்கிற சரக்கு. "ஒரு பீடி குடிச்சிட்டு வரேன்" என்றுதான் கீழே இறங்குவார். சிரிக்க வேண்டாம், முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலேயர்களும் புகையிலையைக் 'குடித்தவர்கள்'தான். கஞ்சாக் குடிக்கியை அவளும் அவள் தோழிகளும் ஆங்கிலத்தில் சொல்கிற 'ஸ்டோனர்' மட்டும் என்னவாம்? 'ஸ்டோன்ட்' என்று அமெரிக்காவில் முதலில் சொன்னது மூக்குமுட்டக் குடித்துக் கல்லாகக் கிடந்தவனை. கஞ்சாக்காரனுக்கு அது பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. ஆக, இரண்டு பேருமே சாராயக்கடை வழியாகத்தான் வந்திருக்கிறார்கள்!

கஞ்சா என்ற பெயர் சமஸ்கிருதத்தில் இருக்கிறது, மலாயில் இருக்கிறது. 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு கப்பலேறி அங்கேயும் நிலைத்துவிட்டது. நம் சித்த வைத்தியத்தில் அதற்குச் சித்தர் ஒருவரின் பெயரால் கோரக்கர் மூலி என்று பெயர். என்ன மரியாதை பாருங்கள். அந்தப் பெயரை வைத்து ஒருத்தனைத் திட்டவே முடியாது.

சிங்கப்பூரிலும் ஒரு காலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கள்ளும், கஞ்சா இலையில் செய்யும் பாங்கும் விற்கும் உரிமையை வெள்ளைக்கார அரசாங்கமே குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தது. இப்போது 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு.

2022இல் தாய்லாந்து கஞ்சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதும், தம்பி மகன் நண்பர்களோடு ஹாட்யாய் கிளம்பினான். "அங்க சட்டப்படி ஓக்கே, அத்தை" என்றான். டேய், சிங்கப்பூர்க் குடிமகனும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் புகைத்தாலும் இங்கே குற்றம்தான், திரும்பி வந்தால் சிறுநீர்ச் சோதனை இருக்கிறது என்று பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். முகம் தொங்கிப்போச்சு.

வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டுக்குக்கூட யாரையும் ஸ்டோனர் என்று எழுதாதே என்று மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பெரியப்பாவிடம் யார் சொல்வது?