யெஸ் அமுக்குவதற்கு முன் அம்மாவைக் கேட்க வேண்டும்

தீபாவளிக்கு மதுரை போயிருந்தபோது அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பிரவுசரின் முதல் பக்கம் மாறிக் கிடந்தது, யாரும் கேட்காத ஒரு ‘கிளீனர்’ பணம் கட்டச் சொல்லி மூலையில் வந்து வந்து போனது. இதெல்லாம் எப்படிப்பா உள்ளே வந்தது என்று கேட்டேன். "திரை மங்கி ஒரு பெட்டி வரும், யெஸ் அமுக்கினாத்தான் வேலை நடக்கும்னு நீதானேடா சொன்ன" என்றார். சொன்னேன்தான். பிரிண்டர் மாட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னது, அதையே அவர் ஆறு வருடமாகக் கடைப்பிடித்திருக்கிறார். அதனால் இந்தத் தடவை இரண்டு நாள் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தேன்.

அந்தப் பெட்டிக்கு யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் என்று பெயர், 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. ஒரு புரோகிராம் கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றும் உரிமை கேட்கும்போதுதான் அது வரும். திரை மங்குவதற்கும் காரணம் இருக்கிறது, அந்த நேரத்தில் வேறு எந்தப் புரோகிராமும் குறுக்கே வந்து நமக்காக யெஸ் அமுக்கிவிட முடியாது. ஆனால் அமுக்குகிற மனிதர் எல்லாவற்றுக்கும் யெஸ் என்றால் இந்த ஏற்பாடு எதற்கு?

விண்டோஸ் போடும்போது முதலில் உருவாகும் அக்கவுண்ட் எதையும் மாற்றும் உரிமை உள்ள அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் இருக்கும், அப்பாவுடையதும் அதுதான். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ‘வீடு’ என்று புதிதாக ஒரு அக்கவுண்ட் தொடங்கி அதை அட்மின் ஆக்கினேன். அதற்குள் ஒரு தடவை நுழைந்து பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் அப்பாவுடையதை ஸ்டாண்டர்டு யூசராக இறக்கினேன். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள், புது பாஸ்வேர்டில் ஒரு எழுத்து தப்பாகிவிட்டால் அப்புறம் வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டின கதைதான். இனி அப்பாவின் பக்கம் பெட்டி வந்தால் வெறும் யெஸ் போதாது, ‘வீடு’ பாஸ்வேர்டையும் கேட்கும்.

அடுத்த நாள் காலையிலேயே சிக்கல். அப்பா சொந்தக்காரர்களுக்கு ஜாதகம் கணித்துக் கொடுப்பார், அதற்கு ஒரு பழைய சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார். திறக்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்டது. ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில், கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில், ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ டிக் எப்போதோ போடப்பட்டிருந்தது. அதை எடுத்ததும் கேட்காமல் திறந்தது, ஆனால் உள்ளே பாதி ஜாதகங்களைக் காணோம். அப்பா ஒன்றும் பேசாமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அந்த சாஃப்ட்வேர் தன் ஃபைலை, அட்மின் உரிமை இல்லாமல் எழுத முடியாத புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் ரகம். உரிமை இல்லாமல் இப்படி எழுத வரும் பழைய 32 பிட் புரோகிராம்களை விண்டோஸ் நிறுத்துவதில்லை, அந்தந்த யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் லோக்கலுக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று ஒரு இடத்தில் நகல் எழுத விட்டுவிடும், அப்புறம் படிக்கும்போதும் அந்த நகலைத்தான் முதலில் காட்டும். அப்பாவுக்கு அங்கே டிக் போடுவதற்கு முந்தைய பழைய நகல் ஒன்று இருந்திருக்கிறது, டிக்கை எடுத்ததும் அது முன்னால் வந்துவிட்டது. எல்லா ஜாதகங்களும் புரோகிராம் ஃபைல்ஸில் பத்திரமாகவே இருந்தன. முதலில் இரண்டையும் பென்டிரைவில் எடுத்து வைத்தேன், பிறகு சாஃப்ட்வேரை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் புதிதாக நிறுவி, எல்லா ஜாதகங்களும் உள்ள ஃபைலை அங்கே போட்டு, பழைய நகலின் பெயரை மாற்றிவிட்டேன். இப்போது பெட்டியும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. தினமும் வருகிற பெட்டியை யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இந்த ஒரு வேலைக்கே அரை நாள் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

பாஸ்வேர்டை அம்மாவிடம் கொடுத்தேன், அப்பாவிடம் இல்லை. இரண்டு பேர் பார்க்கட்டும் என்றுதான். பெட்டியின் மேலே மஞ்சள் பட்டை வந்தால் அந்தப் புரோகிராமை யார் செய்தது என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை, நோ அமுக்கிவிடுங்கள் என்றேன். நீலம் என்றால் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான், நல்லது என்று அர்த்தமில்லை. அந்த கிளீனரும் நீலத்தில்தான் வந்திருக்கும், அதன் ஃபைலைத் திறந்து பார்த்தேன், கையெழுத்து இருந்தது. நோ அமுக்கினால் எதுவும் கெட்டுப்போகாது, வேண்டுமென்றால் மறுபடி திறந்துகொள்ளலாம் என்பதை மட்டும் நாலு தடவை சொன்னேன். அப்பாவுக்கு இருந்த பயமே அதுதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார், மஞ்சள் பட்டையோடு. பஞ்சாங்கம் பிடிஎஃப் இறக்கினாராம். பாஸ்வேர்டு கேட்கப் போனபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "ஏங்க, படிக்கிறதுக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு கேக்குது?" என்றிருக்கிறார். பெட்டியில் ‘ஷோ மோர் டீடெயில்ஸ்’ அமுக்கச் சொன்னேன். இடம் டவுன்லோட்ஸ், பெயரின் கடைசியில் இஎக்ஸ்இ, அதாவது அது ஒரு புரோகிராம். பிடிஎஃப் திறக்க அந்தப் பெட்டி வரவே வராது. போனிலேயே நோ அமுக்க வைத்து, ஃபைலை அழிக்க வைத்தேன். பஞ்சாங்கத்தை மறுநாள் அம்மா கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.