பிசிறு இல்லாத தகடு

டிரான்ஸ்ஃபார்மர் கோர் ஒரே இரும்புக் கட்டி அல்ல, மெல்லிய சிலிக்கான் ஸ்டீல் தகடுகளை அடுக்கிச் செய்தது என்பது ஐடிஐ படித்த எவருக்கும் தெரியும். அந்தத் தகட்டைக் குத்தி வெட்டும் கருவியான டையைப் பற்றி எழுதுபவர்கள்தான் குறைவு. அம்பத்தூரில் தொழில் பழகிவிட்டு, பல வருடங்களாக தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதே வேலையில் இருக்கிறேன்.

நாங்கள் செய்வது பெரும்பாலும் ஈ-ஐ டைகள், அதாவது E, I எழுத்து வடிவத்தில் தகடு வெட்டுபவை. இன்வெர்ட்டர், பேட்டரி சார்ஜர், கன்ட்ரோல் பேனல் என்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் போகிற தகடு. தெருமுனையில் நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இது சரிப்படாது. அதில் போடும் சிஆர்ஜிஓ (CRGO) என்ற சிலிக்கான் ஸ்டீல் தகட்டில் காந்தப்பாயம் உருட்டிய திசையில்தான் சுலபமாக ஓடும். அதனால் நீளப் பட்டைகளாக வெட்டி, மூலையில் 45 டிகிரியில் சேர்க்கிறார்கள்.

ஈ-ஐ அளவுக் கணக்கு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஈ-ஐ 96 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கால் 32 மி.மீ., வெளிக்கால்கள் 16, கால்களுக்கு நடுவே உள்ள ஜன்னல் 16 அகலம், 48 நீளம். இரண்டு ஈ-க்களைக் கால்கள் முட்ட எதிரெதிரே வைத்தால் ஜன்னல்கள் சேர்ந்து 96-க்கு 16 ஆகிவிடும். ஐ துண்டின் அளவும் அதுவேதான். ஈ-க்காகக் குத்தி எடுக்கிற இடமே ஐ ஆகிறது. ஒரு சுருளில் போல்ட் ஓட்டைப் பொட்டுகளைத் தவிர வீணாவது கொஞ்சம்தான். இதை முதலில் யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் டை செய்பவனுக்கு உண்மையான சோதனை பிசிறில், அதாவது வெட்டிய ஓரத்தில் எழும்பும் கூரான விளிம்பில்தான். 0.35 மி.மீ. தகட்டுக்கு மேலிருந்து குத்தும் பஞ்ச்சுக்கும் (punch) அது இறங்கும் டையின் ஓட்டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.02 மி.மீ. இடைவெளி விடுவோம். தலைமுடி அதைவிடத் தடிமன். இடைவெளி கூடினால் தகடு மடங்கிக் கிழிந்து பிசிறு எழும்பும். குறைந்தால் வெட்டுமுனை சீக்கிரம் மழுங்கி, கடைசியில் அதே பிசிறு வரும். சராசரி சரியாக இருந்தால் மட்டும் போதாது, நான்கு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அதைப் பார்க்க எங்கள் பட்டறையில் இன்றும் மெல்லிய காகிதத்தைத்தான் வைக்கிறோம். பிரஸ்ஸில் ஏற்றுமுன் டை செட்டைக் கையால் மெதுவாக இறக்கிக் காகிதத்தை வெட்டிப் பார்ப்போம். ஓரம் முழுக்கச் சுத்தமாக அறுந்தால் சரி. ஒரு மூலையில் நார் நாராகத் தொங்கினால் அந்தப் பக்கம் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். டையை இடம் மாறாமல் நிறுத்தும் டோவல் பின் அடிக்குமுன் திருத்த வேண்டும். எனக்கு இங்கே மூத்தவராக இருந்த பெரியவர் டர்பனிலேயே பிறந்தவர். இந்தியர்களுக்கு டூல்மேக்கர் பயிற்சி இடம் கிடைப்பதே அரிதாக இருந்த நிறவெறிக் காலத்தில், எம். எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜில் மாலை வகுப்பு படித்து மேலே வந்தவர். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழ் மட்டும்தான் அவருக்கு. "தம்பி, பேப்பர் என்ன சொல்லுது?" என்று கேட்பார். மைக்ரோமீட்டர் அளவை அதற்குப் பிறகுதான் கேட்பார்.

பிசிறு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? தகட்டைத் தகட்டிலிருந்து பிரித்து வைப்பது மேலே இருக்கும் மெல்லிய இன்சுலேஷன் பூச்சுதான். இரண்டு ஓரங்களிலும் பிசிறு அதைக் குத்திப் பக்கத்துத் தகட்டைத் தொட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த தகடு போல ஆகிவிடும். தகட்டுக்குள்ளேயே சுற்றும் மின்னோட்டத்தால் வரும் சுழல் மின்னோட்ட இழப்போ தடிமனின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது. கோர் சூடாகும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிளக்கில் மாட்டியிருக்கும் வரை இந்த இழப்பு ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரப் பற்றாக்குறையால் தவித்த நாட்டில் இதை எப்படி அலட்சியமாக விட முடியும்?

2023-ல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு மிக மோசமாக இருந்தது. இன்வெர்ட்டருக்கு அலைமோதினார்கள். ஆனால் டை செய்கிற எங்களுக்கே கரண்ட் இல்லை. மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு உலோகத்தை அறுக்கும் வயர்கட் மெஷின் நடுவெட்டில் நின்றுபோனால், திரும்ப ஓட்டும்போது அதே இடத்தில் டையின் சுவரில் ஒரு கோடு விழும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். அந்தக் கோடு வெட்டுமுனை வரை இருந்தால், அடிக்கிற ஒவ்வொரு தகட்டிலும் அதே இடத்தில் பிசிறு. அதனால் மின்வெட்டு அட்டவணையை முதலில் பார்த்துவிட்டுத்தான் வெட்டை ஆரம்பிப்போம். முதல் வெட்டை முரட்டாக முடித்து, கடைசி மெல்லிய வெட்டுகளைக் கரண்ட் நிச்சயமாக இருக்கும் நேரத்துக்கு ஒதுக்குவோம். கல்லால் தேய்த்துச் சமப்படுத்தும் சர்ஃபேஸ் கிரைண்டரில், துண்டைப் பிடித்து வைக்க மின்காந்த சக் இருந்தால் இன்னும் ஆபத்து. கரண்ட் போனால் பிடி விடும், கல்லோ உடனே நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். நிரந்தரக் காந்த சக்குக்கு மாறியபின்தான் நிம்மதி. அப்புறம் டர்பனின் கடல் காற்று. கிரைண்டிங் முடிந்த பஞ்ச்சை எண்ணெய் தடவாமல் இரவு விட்டுப் போனால் காலையில் துருப்புள்ளி பார்க்கலாம்.

டை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தகட்டின் பூச்சும் சிலிக்கானும் முனையைத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும். டை செய்யும் டி2 ஸ்டீலைவிட கார்பைட் பல மடங்கு தாங்கும், விலையும் அதற்கேற்ப. எதுவானாலும் சாணை பிடிக்க இறக்கியே ஆக வேண்டும். இங்கேதான் பிரஸ் பிரிவோடு எனக்கு ஓயாத வாக்குவாதம். "இன்னும் வெட்டுதே, எதுக்கு இறக்கணும்?" என்பார்கள். வெட்டும்தான். மழுங்கிய டையும் வெட்டும். ஆனால் சீக்கிரம் இறக்கினால் கொஞ்சம் தேய்த்தாலே முனை கூர்மையாகிவிடும். முனை சிதறும்வரை ஓட்டினால் அதைப் போல பல மடங்கு தேய்க்க வேண்டும், டையின் ஆயுள்தான் குறையும். காசுக் கணக்கிலும் என் பக்கமே சரி என்பேன்.

கடைசியில் பிரஸ் பக்கத்திலேயே ஒரு மைக்ரோமீட்டரை வைத்துவிட்டோம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஆபரேட்டர் ஒரு தகட்டை எடுத்து, ஓரத்தில் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு எடுக்கிறார். வித்தியாசம் 0.03 மி.மீ. தாண்டினால் டையை இறக்கிவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.